அடுத்த வீட்டு நாட்காட்டி

நுழையுமுன்

‘பிற பண்பாடுகளை அறிவோம்’ என்னும் தலைப்பில் செயல்திட்டம் செய்து வருமாறு கூறினால் நாம் உடனே தொலைவில் உள்ள நாடுகளையும் மாநிலங்களையும் எண்ணுகிறோம். படங்களை ஒட்டுகிறோம், அடியில் நான்கு வரிகளை எழுதுகிறோம். வேலிக்கு அப்பால் வாழ்பவரிடம் சென்று கேட்டு எழுதிய மாணவர் சிலரைப் பற்றியது இப்பாடம்.

பாடம்

அந்தமானின் தலைநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஹேவ்லாக் தீவு. 2018 திசம்பர் 30 அன்று அதற்குச் ‘சுவராஜ் தீவு’ எனப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் படகுத்துறையில் பயணச்சீட்டு வாங்குவோர் இன்றும் பழைய பெயரையே சொல்கின்றனர். கோவிந்த நகர், சியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என அங்குள்ள சிற்றூர்கள் பலவும் கண்ணனோடு தொடர்புடைய பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் 1949 முதல் அந்தமான் தீவுகளில் குடியமர்த்தப்பட்டன. ஹேவ்லாக்கின் காட்டைத் திருத்தி நெல்லும் தென்னையும் விளைவித்தவர்கள் அவ்வாறு வந்தவர்களே. பின்னாளில் கட்டடப் பணிக்காகவும் கடை வைப்பதற்காகவும் விடுதிப் பணிக்காகவும் தமிழர் பலர் அங்குச் சென்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார்த் தீவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் வங்காளத்தையும் 15 பேர் தமிழையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

அத்தீவில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் அறுவர். செயல்திட்டம் தருமாறு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்த வாரத்தில் அவர்கள் முதலில் கொண்டுவந்த தாள்களை இங்கே குறிப்பிட வேண்டும். இருவர் கதகளிப் படத்தை ஒட்டியிருந்தனர்; இருவர் பாங்க்ரா ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தனர். இரண்டு தாள்களிலும் ஒரே சொற்கள், ஒரே எழுத்துப்பிழை! எஞ்சிய இருவரும் ஜாரவா மக்களின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து வந்திருந்தனர்.

அந்தப் படங்களை நான் ஏற்கவில்லை. “நம் தீவுகளின் பழங்குடியினரைப் பற்றித்தானே ஐயா எழுதியுள்ளோம்?” என்று அம்மாணவர் வருந்தினர். அவர்கள் வினவியது சரியே. விடை கூற வேண்டியது என் கடமை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறையின்படி ஜாரவா மக்கள் வாழும் பகுதிக்குள் இசைவின்றி நுழைவது குற்றம். அவர்களைப் படம் எடுப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் படத்தில் இருந்த சிறுவன் தன்னைப் படம் எடுக்க இசைந்தானா? தன்னைப் பற்றி நீங்கள் எழுதியது பிழையென்றால் அதனை உங்களிடம் வந்து சொல்ல அவனால் இயலுமா? திருத்த வழியற்றவரைப் பற்றி நாம் எதையும் எழுதிவிடலாம். அதனாலேயே எழுதக் கூடாது என்றேன்.

அறிஞர் செய்யும் ஆய்வு வேறு வகையானது. மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி பெரிய அந்தமானிய மக்களிடையே பல ஆண்டுகள் பழகி, அவர்தம் சொற்களைப் பதிவு செய்து அகராதி ஒன்றைத் தொகுத்தார். ‘போ’ மொழியைப் பேசிய இறுதி மனிதரான போவா என்னும் மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். அவருடைய குரலும் பாடலும் இன்று நமக்குக் கிடைப்பது அவர் மனமுவந்து பேசியதாலும், கேட்டவர் பொறுமையோடு கேட்டதாலுமே. ஓர் இரவில் பதிவிறக்கிய படத்துக்கும் அதற்கும் உள்ள தொலைவை மாணவர் தாமே உணர்ந்தனர்.

“அப்படியானால் யாரிடம் கேட்பது?” என்றாள் ஒரு மாணவி. சாளரத்தின் வழியே பார்த்தால் தெரியும் வீடு அவளுடைய வகுப்புத் தோழியின் வீடு. தோழி வங்காளி. அவளுடைய பாட்டி நாள்தோறும் மாலையில் திண்ணையில் அமர்ந்து தென்னங்கீற்றைக் கிழித்து ஈர்க்கு எடுப்பார். எட்டு ஆண்டுகளாக அந்த வீட்டைக் கடந்தே அம்மாணவி பள்ளிக்கு வந்திருக்கிறாள். ஒரு நாளும் உள்ளே சென்றதில்லை.

தந்தையின் தாயை வங்காளியர் ‘டாக்குமா’ என்று அழைப்பர். தாயின் தாய் ‘திதா’. அப்பத்தா, அம்மாச்சி என்று பிரித்து வழங்கும் நம் ஊர்களின் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. தோழியைப் பின்பற்றி எங்கள் மாணவரும் அம்மூதாட்டியை ‘டாக்குமா’ என்றே அழைத்தனர். அவர் பேசியது வங்காளம் கலந்த இந்தி. இவர்கள் பேசியது தமிழ் கலந்த இந்தி. பொருள் விளங்காத இடத்தில் தோழி உதவினாள்.

முதல் நாள் ஆய்வு எவ்விதத் திட்டமும் இன்றித் தொடங்கியது. மாணவர் பத்து வினாக்களை எழுதிச் சென்றிருந்தனர். மூன்றாம் வினாவிலேயே அவை பயன்படாமல் போயின. “உங்கள் பண்பாடு யாது?” என்னும் வினாவுக்கு எவரால் விடை கூற இயலும்? டாக்குமா சிரித்துவிட்டு, உண்ண ஏதேனும் எடுத்துவரச் சென்றார். அப்போது சுவரில் தொங்கிய நாட்காட்டி ஒரு மாணவனின் கண்ணில் பட்டது. வங்காள எழுத்தில் அச்சிட்ட நாட்காட்டி அது. அவன் சனவரித் தாளைப் புரட்டி, “எங்கள் பொங்கல் உங்களுக்கு என்ன நாள்?” என்று கேட்டான்.

அந்த ஒரு வினா இரண்டு வார ஆய்வாக வளர்ந்தது.

பொங்கலை ஒட்டிய அந்நாள் அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. அரிசிமாவும் தேங்காயும் வெல்லமும் கொண்டு ‘பிட்டே’ என்னும் பலகாரங்கள் செய்யும் நாள். அவற்றுள் ஒன்றின் பெயர் ‘புலி பிட்டே’. புலி என்றதும் மாணவர் நகைத்தனர். பிறகு அது பூரணம் வைத்த பிறைவடிவக் கொழுக்கட்டை போன்றது எனக் கண்டனர். அதைப் பாலில் இட்டும் கொதிக்க வைப்பர். ‘பிட்டே’ என்பதும் நம் ‘பிட்டு’ என்பதும் ஒரே சொல் என ஒரு மாணவன் உடனே எழுதிவிட்டான். நான் அதன்கீழ்க் கோடிட்டு, ‘ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது’ எனக் குறித்தேன். ஆய்வேட்டில் ஐயத்தை ஐயமாகவே எழுதலாம், அதில் இழுக்கில்லை.

வியப்பு அடுத்துத்தான் வந்தது. பொங்கல் தை மாதத்தின் முதல் நாள். பௌஷ சங்கராந்தியோ பௌஷ மாதத்தின் கடைசி நாள். கதிரவன் மகர இராசியில் புகும் ஒரே நிகழ்வைத்தான் இரு வீட்டாரும் கொண்டாடுகின்றனர். ஒருவர் அதனை மாதத்தின் வாயிலாகக் கொள்கின்றனர். மற்றவர் மாதத்தின் முடிவாகக் கொள்கின்றனர். கதிரவன் மறைவதற்குமுன் இராசி மாறினால் அன்றே மாதம் பிறந்ததாகக் கொள்வது தமிழ் வழக்கு. இராசி மாறும் நாளை முடிகின்ற மாதத்தோடு சேர்த்து, அடுத்த நாளைப் புதுமாதத்தின் முதல் நாளாகக் கொள்வது வங்க வழக்கு. நம் சித்திரைத் திருநாள் பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்றும், மேற்கு வங்காளத்தின் புத்தாண்டு ஏப்ரல் 15 அன்றும் வருவதன் காரணம் இதுவே. வங்கதேசத்தில் நாட்காட்டியைச் சீர்திருத்தியதால் அங்கு ஏப்ரல் 14 என்றே நிலைபெற்றுள்ளது.

மாணவர் இரு நாட்காட்டிகளின் மாதப் பெயர்களையும் அருகருகே எழுதினர். அப்போது இன்னொன்று வெளிப்பட்டது. பௌஷம் என்னும் பெயர் பூச விண்மீனால் வந்தது. நம் தைப்பூசமும் அதே விண்மீனுக்குரியது. அவர்களுக்குப் பூசத்தின் மாதம் முடியும் வேளையில் நமக்குப் பூசத்தின் மாதம் தொடங்குகிறது! சித்திரையும் அவ்வாறே. அவர்களுடைய ‘சைத்ர’ மாதம் முடிந்தபின் நம் சித்திரை பிறக்கிறது. எவருடைய நாட்காட்டி பிழை என்று மாணவர் வழக்காடினர். இரண்டும் பிழையில்லை. சித்திரை விண்மீனுக்கு அருகில் முழுநிலவு தோன்றுவது ஏப்ரல் நடுப்பகுதிக்கு இரு வாரம் முன்னோ பின்னோ நிகழும். முன் உள்ள மாதத்துக்கு அப்பெயரை இட்டனர் வங்காளியர். பின் உள்ள மாதத்துக்கு இட்டனர் தமிழர். அறிவியல் ஆசிரியரும் இதைக் கேட்டு மகிழ்ந்து, ஒரு பாடவேளையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

இவையெல்லாம் மகிழ்ச்சியாகவே நடந்தன. ‘மாமா’ என்னும் சொல்லிடம் வந்தபோது சிக்கல் எழுந்தது.

தாயுடன் பிறந்தவரை அவர்களும் மாமா என்றே அழைக்கின்றனர். ஒரே சொல் கிடைத்த களிப்பில் மாணவி, “உங்கள் வீட்டில் மாமன் மகளைத் திருமணம் செய்வதுண்டா?” என்று வினவினாள். டாக்குமா செவிகளைப் பொத்திக்கொண்டார். “சீ! தங்கையை எவரேனும் மணப்பார்களா?” என்றார். வங்காள மொழியில் மாமன் மகளுக்கு ‘மாமாதோ போன்’ என்று பெயர். ‘மாமன்வழித் தங்கை’ என்பது பொருள். தமிழில் மாமன் மகள் முறைப்பெண். பெரியப்பா, சித்தப்பா மக்களே உடன்பிறந்தார். சொல் ஒன்றாயினும் அது நிற்கும் உறவுமுறை வேறு.

மாணவியின் முகம் வாடியது. அவளுடைய தாயும் தந்தையும் மாமன் மகள், அத்தை மகன் முறையினர். அன்று மாலை அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட எண்ணி என்னிடம் வந்தாள். “எழுதினால் எங்கள் வீட்டை இழிவாக நினைப்பார்கள் ஐயா” என்றாள். கிழிக்க வேண்டாம், நாளை மீண்டும் சென்று உன் வீட்டு வழக்கத்தைச் சொல் என்றேன். சொல்லும்போது எனக்கும் தயக்கம் இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் இத்தகைய சுமையை ஏற்றலாமா என்று இரவெல்லாம் எண்ணினேன்.

அவள் சென்று சொன்னாள். டாக்குமா நெடுநேரம் பேசவில்லை. பின்னர் ஒரு வினாவைக் கேட்டார்: “உன் தாய் தன் மாமியாரை எப்படி அழைப்பார்?” “அத்தை என்று.” “திருமணத்துக்கு முன்?” “அப்போதும் அத்தைதான்.” அவர் ஈர்க்கைக் கீழே வைத்தார். “அப்படியென்றால் உன் தாய் புகுந்தது முன்பே தெரிந்த வீடு. எனக்குத் திருமணம் ஆனபோது அந்த வீட்டில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது” என்றார். மாணவியின் ஏட்டில் இந்த உரையாடல் சொல் மாறாமல் உள்ளது. எங்கள் ஆய்வில் சிறந்த பக்கம் அதுவே என்பது என் கருத்து. (நெருங்கிய உறவில் மணம் செய்வது பிறக்கும் குழந்தையின் நலத்துக்கு உகந்ததன்று என மருத்துவர் அறிவுறுத்துவதையும், தமிழகத்தில் அவ்வழக்கம் குறைந்து வருவதையும் அடுத்த பக்கத்தில் அவளே எழுதினாள்.)

இனி என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏடுகள் நிறைவடைந்ததும் அவற்றைத் திருத்திக் கையொப்பமிட்டேன். ‘டாக்குமாவின் குடும்பத்தார் அகதிகளாக வந்தவர்கள்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். எழுத்துப்பிழை இல்லை, நான் கடந்து சென்றுவிட்டேன். கண்காட்சிக்கு முன்நாள், எழுதியதை எழுதப்பட்டவரிடமே வாசித்துக் காட்டுவோம் என்று மாணவி கூறினாள். அது என் யோசனையன்று, அவளுடையது. தோழி வரிவரியாக மொழிபெயர்த்தாள். ‘அகதி’ என்ற சொல் வந்ததும் டாக்குமா கையை உயர்த்தி நிறுத்தினார். “கப்பலிலிருந்து இறங்கியபோது என் தந்தை அகதி. இந்த மரங்களை வெட்டி வயலை உண்டாக்கியவர் அகதியா? நாங்கள் குடியேறியவர்கள். அதை எழுது” என்றார்.

மாணவன் அச்சொல்லை அடித்துவிட்டுக் ‘குடியேறியோர்’ என எழுதினான். அடித்த சொல் தெரியுமாறு ஒற்றைக் கோடே போட வேண்டும் என நான் கூறினேன். பிழை எவ்வாறு திருத்தப்பட்டது என்பதும் ஆய்வின் ஒரு பகுதி.

புறப்படும் வேளையில் டாக்குமா அவனைப் பார்த்து, “என்னைக் கேட்டாய், எழுதினாய். நீங்கள் எவ்வாறு இங்கு வந்தீர்கள்?” என்றார். அவனுக்குத் தெரியவில்லை. “தமிழ்நாட்டிலிருந்து” என்று மட்டும் சொன்னான். “தமிழ்நாட்டில் எந்த ஊர்?” அதற்கும் விடையில்லை.

அன்றிரவு அவன் தன் தாத்தாவிடம் கேட்டான். அவர் பிறந்தது தமிழ்நாட்டிலன்று. இலங்கையின் மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாத்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அவ்வாறு வந்தோருள் சில குடும்பங்கள் நிகோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சாலில், இரப்பர்த் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்டன. தாத்தாவின் குடும்பம் அவற்றுள் ஒன்று. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கச்சாலைச் சிதைத்தது. அதன்பின்னரே அவர்கள் ஹேவ்லாக்குக்கு வந்தனர்.

அவரைப் போன்றோரை அரசு ஆவணங்கள் ‘தாயகம் திரும்பியோர்’ எனக் குறிப்பிடும். “நான் அதற்குமுன் பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்?” என்று தாத்தா கேட்டதை மாணவன் அப்படியே எழுதிவந்தான். மறுவாரம் அவன் அதனை டாக்குமாவிடம் வாசித்துக் காட்டினான். இம்முறை குறிப்பெடுத்தவள் தோழி. அவள் வங்காளத்தில் எழுதினாள்.

பள்ளிப் பிள்ளைகளின் ஏடு எத்துணை மதிப்புடையதாகும் என ஐயுறுவோர்க்கு அயர்லாந்து நாட்டின் சான்றைக் கூறலாம். அங்கு 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர், பெரும்பாலும் 11 முதல் 14 வயதினர், தம் வீட்டிலும் அண்டையிலும் இருந்த முதியோரிடம் கதை, மருத்துவம், விளையாட்டு, ஊர்ப்பெயர் முதலியவற்றைக் கேட்டு எழுதினர். சேர்ந்த பக்கங்கள் ஏறத்தாழ 7,40,000. பல பக்கங்களில் சொன்னவரின் பெயரும் வயதும் உள்ளன. அவ்வேடுகள் டப்ளின் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் காக்கப்படுகின்றன.

எங்கள் ஆறு ஏடுகளும் பள்ளி நூலகத்தில், கீழ் அடுக்கில் உள்ளன. தோழியின் வங்காள ஏடும் அவற்றோடு இருக்கிறது.

சொற்பொருள்

இசைவு – உடன்பாடு, அனுமதி
ஈர்க்கு – தென்னங்கீற்றின் நடுநரம்பு
இராசி – வான்வெளியில் கதிரவன் செல்லும் பாதையின் பன்னிரு பிரிவுகளுள் ஒன்று
ஆழிப்பேரலை – சுனாமி
மலையகம் – இலங்கையின் நடுவிலுள்ள மலைப்பகுதி

தெரிந்து தெளிவோம்

ஊர்ப்பெயரும் ஓர் ஆவணம். தெற்கு அந்தமானில் மலப்புரம், மஞ்சேரி, வண்டூர், திரூர் என்னும் பெயர்களில் ஊர்கள் உள்ளன. கேரளத்தின் மலபார்ப் பகுதியில் 1921இல் நடந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்டவர்கள் தம் ஊர்ப்பெயர்களையும் உடன் கொண்டுவந்தனர். மாயாபந்தருக்கு அருகில் உள்ள வேபி, 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் ஊர்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஜாரவா மக்களின் படங்களை ஆசிரியர் ஏற்க மறுத்ததற்குக் கூறிய இரு காரணங்கள் யாவை? அவற்றுள் எது உமக்கு வலிமையானதாகத் தோன்றுகிறது?

2. ‘உங்கள் பண்பாடு யாது?’ என்னும் வினா பயன்படாமல் போனது; ‘எங்கள் பொங்கல் உங்களுக்கு என்ன நாள்?’ என்னும் வினா பயன்பட்டது. இவ்விரு வினாக்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. மாணவி தன் ஏட்டின் பக்கத்தைக் கிழிக்க எண்ணியது ஏன்? அவளிடத்தில் நீர் இருந்தால் என்ன செய்திருப்பீர்?

4. அகதி, குடியேறியோர், தாயகம் திரும்பியோர் – இச்சொற்களை யார் யாரைக் குறிக்கப் பயன்படுத்துகின்றனர்? உம் குடும்பத்தைக் குறிக்க நீர் எச்சொல்லைத் தேர்வீர்?

மொழிப்பயிற்சி

‘டாக்குமா செவிகளைப் பொத்திக்கொண்டார்’ என்பது முதல் ‘தெரியாது என்றார்’ என்பது வரை உள்ள நேர்கூற்றுகளை அயற்கூற்றாக மாற்றுக. மாற்றும்போது எவ்விடத்தில் உணர்ச்சி குறைகிறது எனக் குறிப்பிடுக.

செயல்திட்டம்

வேற்றுமொழி பேசும் அண்டை வீட்டார் ஒருவரைத் தேர்ந்தெடுத்து இசைவு பெறுக. அவர் வீட்டில் உள்ள ஒரு பொருளிலிருந்து (நாட்காட்டி, அரிவாள், கோலம், மசாலாப் பெட்டி, பழைய படம்) முதல் வினாவைத் தொடங்குக. அவர் சொன்ன சொல்லை அவர் மொழியில் ஒலிக்குமாறே தமிழ் எழுத்தில் எழுதுக. நிறைவில் ஏட்டை அவரிடம் வாசித்துக் காட்டி, அவர் மாற்றச் சொன்னவற்றை ஒற்றைக் கோட்டால் அடித்துத் திருத்துக. அவர் உம்மைக் கேட்ட வினாக்களைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, உம் வீட்டு முதியோரிடம் கேட்டு விடை நிரப்புக.